முதுகுப் பக்கம்

பங்குக்குப் புதிதாய் வந்த சாமியார்
உன்னைச் சாந்தமானவள் என்றார், அம்மா.
பெயரையும் தப்பாகத்தான் சொன்னார், ஜெனிவீவ் என்று.
கெனோவேஃபா, என்று
மூன்றாம் பெஞ்சிலிருந்து திருத்தினாள் லுட்கா அக்கா.
சாந்தத்தை யாரும் திருத்தவில்லை.
பெட்டி திறந்திருக்கும்போது
எப்படித் திருத்துவது?

பஃபலோவில் பனி நவம்பரில் வரும்,
போக மனமில்லாத விருந்தாளி.
விடியற்பூசைக்கு நீ போன தடத்தில்
கால் வைத்துக் கால் வைத்துப் பள்ளிக்குப் போனோம்.
உன் அடி சின்னது, எங்களுக்குச் சரியாக இருந்தது.
இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா
பக்கத்தில் தனித் தடம் போட்டுக்கொண்டு வருவார்.

ஏப்ரன் பையில் ஜெபமாலையும் துணிக் கிளிப்பும்
ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும்.
"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி
"இது யார் போட்ட ஓட்டை?" என்று முடிப்பாய்.
எங்கள் காலுறைகள் எல்லாம்
மாதாவுக்கு அத்துப்படி.

தவக்கால வெள்ளிகளில் கோயில் நிலவறையில்
எட்டுப் பெண்கள், நாற்பது டஜன் பியரோகி.
முழுசாய் வந்தவை பங்குக்குக் காசாயின.
வெந்நீரில் வாய் பிளந்தவை வீட்டுக்கு வந்தன.
உருக்காலை மூடிய வருஷம்
உடைந்ததைத் தின்று வளர்ந்தோம் என்று
இப்போது சொன்னால் கவிதை மாதிரி இருக்கிறது.
அப்போது அது உருளைக்கிழங்கு மாதிரிதான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில்
யாரோ வரக்கூடும் என்று ஒரு தட்டு அதிகம் வைப்பாய்.
ஒருமுறை மெய்யாகவே வந்தான்,
வீடு மாறிக் கதவைத் தட்டிய குடிகாரன்.
உட்காரவைத்தாய். மீனில் நடுத்துண்டு அவனுக்கு.
போகும்போது அப்பாவின் கையுறையைப் போட்டுக்கொண்டு போனான்.
"தட்டு வைத்தவள் நான்தானே" என்றாய் அப்பாவிடம்,
அதற்குமேல் பேச்சில்லை என்கிற குரலில்.

விதோல்ட் அண்ணன் ஜனவரியில் ஏரிக்குப் போனான்,
பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க.
துளை இருந்தது.
வாளி இருந்தது.

தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோணியார்.
சாவி, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை
அப்பாவின் சம்பளக் கவர், எல்லாம் தந்தவர்.
பன்னிரண்டாம் நாள் அவரை
அடுக்களை அலமாரியில்
சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாய்.
பூசையை விடவில்லை. நன்மை வாங்குவதை விடவில்லை.
அவரிடம் மட்டும் பேச்சு நின்றது.
எண்பது நாள்
உப்பு எடுக்கப் போன உன் கை
அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

ஏப்ரலில் ஏரி இளகியது.
இரண்டு காவலர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.
காபி கொடுத்தாய். சர்க்கரை எத்தனை என்று கேட்டாய்.
அவர்கள் போனதும் அந்தோணியாரைத் திருப்பினாய்,
ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்தாய்.
"நேரமாக்கிவிட்டீர்."
அவ்வளவுதான்.
மேசைக்கடியில் இருந்தேன், எட்டு வயது.
பிறகு உருளைக்கிழங்கு தோல் சீவும் சத்தம் கேட்டது,
வழக்கத்தைவிட வேகமாக.

இதையா, சாமி, சாந்தம் என்கிறீர்?

வீட்டைப் பிரித்தோம்.
தையல் மெஷின் லுட்காவுக்கு.
ஃப்ரீசரில் உன் கையெழுத்தோடு மூன்று பொட்டலம்,
'முட்டைக்கோஸ், பிப்ரவரி';
பிரிக்கவும் இல்லை, பிரித்துக்கொள்ளவும் இல்லை.
ஞாயிறுகளில் பத்து மணிவரை தூங்குகிற எனக்கு
அந்தோணியார் வந்து சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த ராத்திரி
அவரைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
முதுகில் வண்ணமே பூசவில்லை அவருக்கு,
வெறும் சுண்ணாம்பு.
பென்சிலில் விலை: இரண்டு டாலர் பத்து சென்ட்.
இரண்டு தோளிலும்
கட்டைவிரல் அளவில் எண்ணெய்க் கறை,
பழுப்பேறி, வழவழத்து.

ஒரே ஒருமுறை பிடித்ததில்
இப்படிக் கறை ஏறாது.

எத்தனை முறை, அம்மா?
எங்களில் யார் யாருக்காக?